மலையும் ஏறலாம், கடலும் தாண்டலாம்: மாணவர் கேள்வி–பதில்

படிப்போடு சேர்த்துப் புதிதாக எதையாவது செய்து பார்க்க வேண்டும், எங்கே தொடங்குவது என்று கேட்டு நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. தென்னாப்பிரிக்காவுக்குள்ளேயே முடிகிற விஷயங்கள் முதலில், விமானம் ஏற வேண்டியவை பிறகு என்று அடுக்கியிருக்கிறோம். மலையேற்றம், கடல், அயல்நாட்டுப் படிப்பு ஆகியவற்றில் மாணவர்களுக்கு வழிகாட்டி வருபவர்கள் பதில் தருகிறார்கள்.

கேள்வி: பல்கலைக்கழக மலையேற்றக் குழுவில் சேர்ந்திருக்கிறேன். முதல் பயணம் டிராகன்ஸ்பர்க். இதுவரை நான் நீளமாக நடந்தது என்றால் காவடிக்கு ஆற்றங்கரையிலிருந்து கோயில் வரைதான். என்ன எடுத்துப் போக வேண்டும்? இடி விழும், போகாதே என்கிறார் அப்பா.
— முதலாண்டு மாணவி, டோங்காட்

பதில்: அப்பா சொல்வது பாதி சரி. நவம்பரிலிருந்து மார்ச் வரை அந்த மலையில் பிற்பகல் இடிமழை அன்றாட நடப்பு. காலையில் வானம் துடைத்துவிட்டது போல இருக்கும். மதியத்துக்கு மேல் முகடுகளுக்குப் பின்னால் மேகம் கட்டும், மூன்று மணிக்குக் கொட்டித் தீர்த்துவிடும். கோடையில் போகிறவர்கள் விடிந்தவுடன் நடக்கத் தொடங்கி, மதியத்துக்குள் உயரத்தை விட்டு இறங்கிவிட வேண்டும். முதல் தடவைக்கு ஏப்ரல், மே மாதங்களே நல்லவை. மழை ஓய்ந்திருக்கும், குளிர் இன்னும் கடிக்காது. ஜூன், ஜூலையில் வானம் தெளிவுதான். ஆனால் இரவில் உறைபனி, உச்சியில் பனி விழுவதும் உண்டு. ஐந்தேகால் மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும்.

குழுவில் மூத்தவர்கள் யாராவது ‘சங்கிலி ஏணி ஏறி ஆம்ஃபிதியேட்டர் பாறைச்சுவரின் உச்சிக்கே போகலாம்’ என்றால், அது அடுத்த வருடத்துக்கு இருக்கட்டும் என்று சொல்லுங்கள். ராயல் நேட்டால் தேசியப் பூங்காவில் தெண்டெலே முகாமிலிருந்து துகேலா பள்ளத்தாக்குக்குப் போகும் பாதையைக் கேளுங்கள். போக வர ஏறத்தாழ 14 கிலோமீட்டர், ஐந்து ஆறு மணி நேரம். பெரும்பகுதி சமனான நடை, நடுவே காட்டு நிழல். கடைசிப் பகுதியில்தான் கவனம் வேண்டும். பாறை மேல் பாறை தாவி ஆற்றைக் கடக்க வேண்டும். அதற்கப்பால் ஆறே குடைந்த ஒரு சுரங்கம், பக்கத்தில் ஒரு சிறிய சங்கிலி ஏணி. நீங்கள் வெயிலில் நிற்கும்போதே மேலே எங்கோ மழை பெய்திருக்கலாம். தண்ணீர் கலங்கினாலும், சருகும் குச்சியும் மிதந்து வந்தாலும் அந்த இடத்திலேயே திரும்பிவிடுங்கள். சுரங்கம் வரை வந்துவிட்டோமே, இன்னும் பத்து நிமிடம்தானே என்ற நினைப்புதான் அங்கே ஆளை மாட்டிவிடுகிறது.

உடையில் எல்லாரும் செய்யும் தப்பு பருத்தி. டி-ஷர்ட்டும் ஜீன்ஸும் வேர்வையில் நனைந்தால் காயவே காயாது. காற்று அடித்ததும் உடம்புச் சூட்டை அவையே உறிஞ்சிவிடும். பாலியெஸ்டர் விளையாட்டுச் சட்டை, அதன்மேல் ஃபிளீஸ், எல்லாவற்றுக்கும் மேல் தண்ணீர் புகாத மழைச்சட்டை என்று மூன்று அடுக்காகப் போடுங்கள். காலையில் வெயில் சுள்ளென்று அடித்தாலும் மழைச்சட்டையை வண்டியில் விட்டுவிட்டுப் போகக் கூடாது. கூட வருகிறவர் நடுங்கி, பேச்சுக் குழறி, கால் இடறத் தொடங்கினால் குளிர் உள்ளே இறங்கிவிட்டது என்று அர்த்தம். காற்றுப் படாத இடத்தில் உட்கார வைத்து, ஈர உடையைக் கழற்றி, உலர்ந்ததைப் போட்டு, இனிப்பாக எதையாவது கொடுங்கள்.

புது பூட்ஸ் வாங்கினால் இரண்டு மூன்று வாரம் கல்லூரிக்கே அதைப் போட்டுக்கொண்டு போங்கள். குதிகால் லேசாகச் சுட ஆரம்பித்ததுமே நின்று பிளாஸ்டர் ஒட்டுங்கள். கொப்புளம் வந்த பிறகு ஒட்டுவதில் பாதிப் பயன்தான். தண்ணீர் 2 முதல் 3 லிட்டர். சாப்பாட்டுக்கு உருளைக்கிழங்குக் கறி வைத்துச் சுருட்டிய ரொட்டி நன்றாகத் தாங்கும். காரத்தை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் 3 லிட்டரும் போதாது. பையைத் திறந்து போட்டுவிட்டுப் படம் எடுக்கப் போகாதீர்கள். பபூன் குரங்குகளுக்கு ஜிப் ஒரு பொருட்டே இல்லை.

இடி நெருங்கினால் முகட்டையும் தனி மரத்தையும் விட்டு விலகி, ஒருவருக்கொருவர் நன்றாகத் தள்ளி, பையின் மேல் குந்தி உட்காருங்கள். எல்லாரும் ஒரே பாறை இடுக்கில் ஒண்டக் கூடாது. வாசலில் மலை மீட்புப் பதிவேடு இருக்கும். போகும் பாதை, ஆள் எண்ணிக்கை, திரும்பும் நேரம் மூன்றையும் எழுதிவிட்டு, திரும்பி வந்ததும் மறக்காமல் கையெழுத்துப் போட்டு முடியுங்கள். முடிக்காமல் வீட்டுக்குப் போய்விட்டால் ராத்திரியில் உங்களைத் தேடி ஆள் கிளம்ப வேண்டிவரும். அதே விவரத்தை ஒரு தாளில் எழுதி அப்பாவிடமும் கொடுங்கள். பள்ளத்தாக்குக்குள் போன் எடுக்காது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவருடைய பயத்தில் பாதி அந்தத் தாளிலேயே குறைந்துவிடும்.

கேள்வி: மகன் அலைச்சறுக்கு கற்கப் போகிறேன் என்கிறான். நீச்சல் தெரியும், ஆனால் குளத்தில்தான். சுறா பயமாக இருக்கிறது.
— ஒரு தாய், சாட்ஸ்வர்த்

பதில்: அம்மா, டர்பன் கடற்கரையில் சுறாவைவிட அதிகம் கவனிக்க வேண்டியது இழுநீரோட்டம். அலை கொண்டுவந்து கொட்டும் தண்ணீர் ஏதாவது ஒரு வாய்க்கால் வழியாகத்தான் கடலுக்குத் திரும்ப வேண்டும். அந்த இடத்தில் அலை உடையாமல், நீர் அமைதியாக, நிறம் கொஞ்சம் கருத்துத் தெரியும். புதியவர்கள் அதைத்தான் பத்திரமான இடம் என்று நினைத்து இறங்குவார்கள். கடலுக்குள் நீளும் நடைமேடைகளை (பியர்) ஒட்டியும் இப்படி இழுக்கும். மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து நீந்தக் கூடாது. நீரோட்டம் ஜெயித்துவிடும், கை ஓய்ந்துவிடும். பலகையை விடாமல் பிடித்துக்கொண்டு, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் போய், அலை உடையும் இடம் வந்ததும் அதோடு சேர்ந்து கரைக்கு வர வேண்டும். முடியாவிட்டால் மிதந்தபடி ஒரு கையைத் தூக்கிக் காட்டினால் போதும், காவலர்கள் வருவார்கள். இதைக் குளத்திலேயே சொல்லிக் கொடுத்துவிடலாம்.

சுறா வலையைப் பற்றி ஒரு விளக்கம். குவாசூலு-நேட்டால் சுறா வாரியம் போடும் வலை ஒவ்வொன்றும் 214 மீட்டர் நீளம், 6 மீட்டர் ஆழம். அது கடற்கரையை மூடும் வேலி அல்ல. பக்கத்திலும் அடியிலும் வழி இருக்கிறது. கரைக்கு வரும் சுறாக்களின் எண்ணிக்கையைக் குறைப்பதுதான் அதன் வேலை. ஜூன், ஜூலையில் மத்தி மீன் கூட்டம் வரும்போது பல இடங்களில் வலையை எடுத்துவிடுவார்கள். அந்த நாட்களில் அறிவிப்பைப் பார்க்காமல் இறங்கக் கூடாது. மழைக்குப் பிறகு இரண்டு நாள் போகட்டும். ஆறுகளும் மழைநீர் வாய்க்கால்களும் கழிவைக் கொண்டுவந்து கடலில் சேர்க்கும். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் கழிவுநீர் நிலையங்கள் சேதமானதிலிருந்து இந்தத் தொல்லை இன்னும் கூடுதல். நகராட்சி ஒவ்வொரு கடற்கரைக்கும் நீர்த் தர முடிவை வெளியிடுகிறது, அதைப் பார்த்துவிட்டுக் கிளம்பட்டும்.

கற்க 8 அடிக்குக் குறையாத மென்பலகை வேண்டும், காலில் கட்டும் கயிறு அறுந்திராமல் இருக்க வேண்டும். முதல் சில வகுப்புகள் இடுப்பளவு நீரிலேயே நடக்கும். விழும்போது தலைகீழாகப் பாயாமல் தட்டையாக விழவும், எழும்போது கையால் தலையை மறைத்துக்கொண்டு எழவும் பழக்குவார்கள். இதைச் சொல்லித் தராத ஆசிரியர் வேண்டாம்.

கேள்வி: லெனேசியாவிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு அப்பா காரில் கொண்டுபோய் விடுகிறார். மினிபஸ் டாக்ஸியில் நானே போக ஆசை. ஜூலுவும் சரியாக வராது. சிரிப்பார்களோ?
— இரண்டாம் ஆண்டு மாணவர், ஜோஹன்னஸ்பர்க்

பதில்: வெளிநாடு போவதைவிட இதற்குத் தைரியம் அதிகம் வேண்டும் என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் மூன்று விஷயம் தெரிந்தால் போதும்.

முதலாவது கை அடையாளம். சுட்டுவிரலை மேலே நீட்டினால் நகர மையம், கீழே காட்டினால் உள்ளூர். ஊருக்கு ஊர் மாறும், ஆகவே உங்கள் நிறுத்தத்தில் நிற்பவரிடம் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டாவது காசு. பின்வரிசையில் இருப்பவர்கள் பணத்தைத் தோளுக்கு மேலாக முன்னால் நீட்ட, ‘இரண்டு பேர்’, ‘மூன்று பேர்’ என்று சொல்லிக்கொண்டே அது கை மாறிப் போகும். ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் இருப்பவர்தான் எண்ணி, சில்லறை பிரித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். கணக்கில் தடுமாறுபவர் முதல் நாளே அந்த இருக்கையில் உட்கார வேண்டாம். காலை நேரத்தில் 200 ராண்ட் நோட்டை நீட்டினால் வண்டியே திரும்பிப் பார்க்கும். மூன்றாவது இறங்குவது. மணி கிடையாது, வாயால்தான் சொல்ல வேண்டும். ‘ஷோர்ட் லெஃப்ட்’ என்றால் அடுத்த முனையில் இடப்பக்கம் நிறுத்தச் சொல்வது. ‘ஆஃப்டர் ரோபோட்’ என்றால் சிக்னலைத் தாண்டி. இறங்குமிடத்துக்குச் சற்று முன்பே உரக்கச் சொல்லுங்கள். ‘ஃபோர்-ஃபோர் மாஸிஹ்லாலிசானே’ என்று ஓட்டுநர் சத்தம் போட்டால் வரிசைக்கு நான்கு பேர் நெருங்கி உட்காரச் சொல்கிறார் என்று பொருள். பை மடியில் இருக்கட்டும், போன் பைக்குள் இருக்கட்டும்.

ஏறியதும் எல்லாருக்கும் சேர்த்து ‘சனிபோனானி’ சொல்லுங்கள். ஒருவருக்கு மட்டும் என்றால் ‘சவுபோனா’. நன்றிக்கு ‘ங்கியாபோங்கா’. உச்சரிப்புத் தப்பினால் திருத்துவார்களே தவிரச் சிரிக்க மாட்டார்கள்; வணக்கம் சொல்லாமல் ஏறுவதுதான் முகம் சுளிக்க வைக்கும். குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தில் 2014 முதல் புதிதாகச் சேரும் இளநிலை மாணவர்களுக்கு ஜூலு பாடம் கட்டாயம். அங்கே படிக்கும் நண்பர் யாராவது இருந்தால் அவருடைய பாடக் குறிப்பை வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒரு பருவம் ஐரோப்பாவில் படிக்க ஜெர்மனி, நெதர்லாந்து இரண்டிலும் எங்கள் துறைக்கு ஒப்பந்தம் உண்டு. எதைத் தேர்ந்தெடுப்பது? திரும்பி வந்தால் ஒரு வருடம் வீணாகும் என்று சீனியர்கள் பயமுறுத்துகிறார்கள்.
— அறிவியல் மாணவி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: நாட்டைப் பார்க்காதீர்கள், முதலில் நாட்காட்டியைப் பாருங்கள். நம் கல்வி ஆண்டு பிப்ரவரியில் தொடங்கி நவம்பரில் முடிகிறது. அவர்களுடையது செப்டம்பர் அல்லது அக்டோபரில் தொடங்குகிறது. சீனியர்கள் சொல்லும் அந்த ஒரு வருடம் பெரும்பாலும் இந்த இடுக்கில்தான் காணாமல் போகிறது.

நெதர்லாந்தின் இரண்டாம் பருவம் பிப்ரவரியில் தொடங்கி ஜூன் கடைசி, ஜூலை முதல் வாரத்தோடு முடியும். நம் முதல் பருவத்தின் இடத்தில் அது கிட்டத்தட்ட அப்படியே பொருந்தும். ஜூலையில் திரும்பி வந்து இரண்டாம் பருவத்தில் உட்கார்ந்துவிடலாம். ஜெர்மனியில் கோடைப் பருவ வகுப்புகள் ஏப்ரல் நடுவில்தான் தொடங்கும், ஜூலை பிற்பகுதி வரை ஓடும். தேர்வு அதற்கும் பிறகு வரலாம். அப்படியானால் இங்கே இரண்டாம் பருவத்தின் முதல் வாரங்களும் செய்முறை வகுப்புகளும் போய்விடும். குளிர்காலப் பருவ வகுப்புகள் அக்டோபர் நடுவிலிருந்து பிப்ரவரி நடுவரை. அதற்குப் போனால் இங்கே இரண்டாம் பருவம் முழுதும் விடுபடும், திரும்பும்போது அடுத்த ஆண்டு தொடங்கியிருக்கும். ஆய்வுக்கூடம் இல்லாத துறை என்றால் சமாளிக்கலாம். உங்கள் துறைக்கு நெதர்லாந்துதான் எங்கள் ஓட்டு.

அடுத்தது கிரெடிட். இங்கே ஒரு கிரெடிட் என்பது 10 மணி நேர உழைப்பு. ஐரோப்பாவில் ஒன்று 25 முதல் 30 மணி நேரம், ஆண்டுக்கு 60. தோராயமாக அவர்களுடைய ஒன்று நம்முடைய இரண்டரைக்கு நிகர் என்று மணிக்கணக்கு சொல்லும். ஆனால் ஆண்டுச் சுமையை வைத்து இரண்டு என்று எண்ணும் துறைகளும் உண்டு. உங்கள் துறை எந்தக் கணக்கில் எண்ணுகிறது என்பதைக் கேட்காமல் போகக் கூடாது. நம் 16 கிரெடிட் பாடத்துக்கு, இரண்டு என்ற கணக்கில் அவர்களுடைய 8 வேண்டும். அங்கே பாடங்கள் பெரும்பாலும் 5 அல்லது 6 என்ற அளவில் இருக்கும். ஒன்றுக்கு ஒன்று என்று நினைத்துப் போனவர்கள் திரும்பி வந்து மாட்டிக்கொள்வது இங்கேதான். கிளம்பும் முன் ஒவ்வொரு பாடத்தின் தலைப்புகள், வகுப்பு மணி, தேர்வு முறை ஆகியவற்றை அச்செடுத்து, எதற்கு எது ஈடு என்று துறைத் தலைவரிடம் கையெழுத்து வாங்குங்கள். அங்கே போனதும் நேர அட்டவணை மோதி ஒரு பாடமாவது மாறும், மாறாமல் இருந்தால் அதிசயம். மாறிய வாரத்திலேயே புதுப் பட்டியலை அனுப்பி மறுபடி கையெழுத்து வாங்க வேண்டும். வாயால் ‘சரி, பார்த்துக்கலாம்’ என்று சொன்ன பேராசிரியர் நீங்கள் திரும்பும்போது விடுப்பில் இருப்பார். உதவித்தொகை வாங்குபவர் என்றால், வெளியே இருக்கும் மாதங்களில் அது தொடருமா என்பதையும் எழுத்திலேயே கேளுங்கள்.

விசாவில் ஒரு குழப்பம் அடிக்கடி வருகிறது. ஷெங்கன் விசா 180 நாளில் 90 நாளுக்குத்தான். ஒரு பருவம் அதற்கு மேல் போகும் என்பதால் அந்தந்த நாட்டின் நீண்டகால விசா வேண்டும்; அதற்குத் தாள்களும் அதிகம், காத்திருப்பும் அதிகம். ஜெர்மனிக்கு மாதம் 992 யூரோ கையிருப்பு காட்டச் சொல்வது 2024 செப்டம்பர் முதல் நடைமுறை. உதவித்தொகைக் கடிதம் இருந்தால் அது அந்தக் கணக்கில் கழியும். பாஸ்போர்ட்டில் வெற்றுப் பக்கங்கள் இருக்கின்றனவா என்று இன்றே புரட்டிப் பாருங்கள். 32 பக்கப் பாஸ்போர்ட்டுக்கு 2022 நவம்பர் முதல் 600 ராண்ட்.

வங்கி விஷயம் ஒன்று. இணைய வங்கியின் ஒருமுறைக் கடவுச்சொல் உங்கள் தென்னாப்பிரிக்க எண்ணுக்குத்தான் வரும். அந்த சிம்மைக் கழற்றிப் போட்டுவிட்டால் சொந்தப் பணத்தையே தொட முடியாது. ரோமிங்கில் குறுஞ்செய்தி வருமாறு இங்கேயே செய்துகொண்டு, கொஞ்சம் இருப்பும் வைத்துக்கொள்ளுங்கள். கடையில் அட்டையைத் தேய்க்கும்போது ‘ராண்டிலா, யூரோவிலா’ என்று இயந்திரம் கேட்டால் யூரோவை அழுத்துங்கள். ராண்டை அழுத்தினால் மாற்று விகிதத்தை உங்கள் வங்கி அல்லாமல் அந்த இயந்திரத்துக்காரர் போடுவார், அது எப்போதும் அவருக்குத்தான் லாபம்.

கேள்வி: அம்மா மூன்று கிலோ மசாலாவும் ஊறுகாயும் பில்டாங் என்ற காய்ந்த இறைச்சியும் கட்டித் தருகிறார். ஐரோப்பாவுக்குக் கொண்டுபோகலாமா?
— அதே மாணவி

பதில்: மசாலா போகலாம், பில்டாங் போகாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளிநாட்டிலிருந்து பயணிகள் இறைச்சியும் பால் பொருளும் கொண்டுவரத் தடை. காய்ந்த இறைச்சியும் அதில் அடக்கம், வீட்டு நெய்யும் அடக்கம். பச்சைக் கறிவேப்பிலைக்குத் தாவர நலச் சான்று கேட்பார்கள். காய வைத்துப் பொடித்துக்கொள்ளுங்கள். மசாலாவைக் கடை உறையிலேயே, பெயர்ச்சீட்டு தெரியும்படி வையுங்கள். பெயரில்லாத பையில் சிவப்புத் தூள் மூன்று கிலோ இருந்தால் சுங்க அதிகாரிக்கு விளக்கம் சொல்லியே விமானம் போய்விடும். ஊறுகாய் பெட்டிக்குள் போக வேண்டும், கைப்பையில் 100 மில்லிக்கு மேல் விடமாட்டார்கள். எண்ணெய் கசியும் என்பதால் இரண்டு உறை போட்டு, துணியை விட்டுத் தள்ளி வையுங்கள். மூன்று கிலோ ஒரு பருவத்துக்கு அதிகம் என்பதை அம்மாவிடம் சொல்வது உங்கள் பொறுப்பு.

கேள்வி: டிசம்பர் விடுமுறையில் அமெரிக்காவில் வேலை, சுற்றுலா, சம்பாத்தியம் மூன்றும் என்று ஒரு முகவர் விளம்பரம் செய்கிறார். முன்பணம் கேட்கிறார். நம்பலாமா?
— வணிகவியல் மாணவர், பீனிக்ஸ், டர்பன்

பதில்: திட்டம் உண்மையானது, முகவர் உண்மையானவரா என்பது தனிக் கேள்வி. ஜே-1 கோடைக்கால வேலை–பயண விசா என்பது அமெரிக்க வெளியுறவுத் துறை நடத்துவது. முழுநேரமாகப் படிப்பவராக, ஒரு பருவமாவது முடித்தவராக இருக்க வேண்டும். அதிகபட்சம் நான்கு மாதம், அதுவும் உங்கள் பல்கலைக்கழகத்தின் நீண்ட விடுமுறைக்குள். நம் கோடை அவர்களுக்குக் குளிர்காலம் என்பதால் வேலை பெரும்பாலும் பனிச்சறுக்கு ஊர்களில் இருக்கும். விடுதி அறை சுத்தம், சமையலறை, சறுக்குவோரை மேலே ஏற்றும் கம்பி இழுவையில் உதவி. அலுவலக வேலை எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

முகவர் எப்படிப்பட்டவராக இருந்தாலும், அவருக்கு மேலே வெளியுறவுத் துறை அங்கீகரித்த ஒரு ஸ்பான்சர் இருந்தாக வேண்டும். அந்தப் பட்டியல் அத்துறையின் ஜே-1 தளத்தில் வெளிப்படையாக இருக்கிறது. முகவரிடம் ஸ்பான்சரின் பெயரைக் கேட்டு, பட்டியலில் நீங்களே தேடுங்கள். ‘அதெல்லாம் அப்புறம் சொல்கிறேன்’ என்றால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம். தென்னாப்பிரிக்கர்களுக்கு, கிளம்பும் முன்பே வேலை உறுதியாகியிருக்க வேண்டும் என்பது விதி. ‘போய்த் தேடிக்கொள்ளலாம்’ என்று சொல்பவரும் கழிந்தார். தனியார் வீட்டு வேலை, வீடு வீடாக விற்பது, பெரும்பகுதி இரவு பத்து மணிக்கும் காலை ஆறு மணிக்கும் இடையே விழும் வேலை ஆகியவை இந்த விசாவில் கூடாது.

பணத்தைத் தரும் முன் வேலை ஒப்பந்தத்தில் ஒரு வரியைத் தேடுங்கள்: வாரத்துக்குக் குறைந்தது எத்தனை மணி நேரம்? ‘சராசரியாக’, ‘பருவநிலையைப் பொறுத்து’ என்ற சொற்கள் இருந்தால் பனி விழாத வாரத்தில் வேலையும் இருக்காது, வாடகை மட்டும் இருக்கும். ஓர் உதாரணக் கணக்கு போடுவோம். மணிக்கு 15 டாலர், வாரம் 32 மணி என்றால் 480. வருமான வரி சுமார் 58 பிடித்தால் 422. தங்குமிடம் 150, சாப்பாடு 80, பேருந்தும் போனும் 25 போக மிச்சம் 167. 12 வாரத்துக்கு 2,004 டாலர். முகவர் கட்டணம், விமானம், காப்பீடு, விசா எல்லாம் சேர்ந்து அதைத் தாண்டினால் இது சம்பாத்தியம் இல்லை, விலை கொடுத்து வாங்கும் அனுபவம். அதுவும் தப்பில்லை. ஆனால் கடன் வாங்கிப் போகிற வீட்டில் இந்தக் கணக்கு மேசை மேல் இருக்க வேண்டும். முகவர் தரும் எண்களைப் போட்டு நீங்களே மறுபடி போட்டுப் பாருங்கள்.

முதல் சம்பளச் சீட்டு வந்ததும் பாருங்கள்: சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் என்று 7.65 சதவீதம் பிடித்திருந்தால் அது தவறு. இந்த விசாவில் வரும் மாணவர்களுக்கு அந்த இரண்டும் கிடையாது. சம்பளப் பிரிவுக்குப் பல நேரம் தெரியாது, அப்போதே சொன்னால் திருத்துவார்கள். வருமான வரிக் கணக்கை ஏப்ரல் 15-க்குள் 1040-என்ஆர் படிவத்தில் தாக்கல் செய்ய வேண்டும். அதற்குள் நீங்கள் பீனிக்ஸில் இருப்பீர்கள். ஆகவே ஆண்டுச் சம்பளச் சான்று வந்து சேரச் சரியான முகவரி கொடுத்துவிட்டு வாருங்கள். இன்னொன்று: துணைத் தேர்வு எழுத நேர்ந்தால் தேதி உங்கள் பயணத்தோடு மோதும். நவம்பர் முடிவு தெரியும் முன் மாற்ற முடியாத விமானச் சீட்டு எடுக்காதீர்கள்.

கேள்வி: கொள்ளுத்தாத்தாவின் தாத்தா ‘வட ஆற்காடு’ என்று மட்டும் வீட்டில் தெரியும். படிப்பு முடியும் முன் அந்த ஊரைப் பார்க்க வேண்டும். கையில் காசு குறைவு.
— நான்காம் ஆண்டு மாணவர், வெருலம்

பதில்: விமானச் சீட்டுக்கு முன் ஆவணக் காப்பகத்துக்குப் போங்கள். 1860 நவம்பர் 16-இல் வந்த ட்ரூரோ கப்பல் முதல் 1911 வரை நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் 1,52,184 பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு காலனி எண் உண்டு. கப்பல் பட்டியலில் அந்த எண்ணோடு பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுகா, கிராமம் எல்லாம் எழுதியிருப்பார்கள். டர்பன் ஆவணக் காப்பகத்திலும், குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழக வெஸ்ட்வில் வளாகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையத்திலும் தேடலாம். வீட்டில் பழைய திருமணச் சான்று, இறப்புச் சான்று, ஒப்பந்த விடுதலைச் சீட்டு எதிலாவது அந்த எண் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எண் கிடைத்தால் வேலை சுலபம். பெயரை மட்டும் வைத்துத் தேடினால் முனுசாமி, ராமசாமி நூற்றுக்கணக்கில் வருவார்கள், எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய எழுத்துக்கூட்டல் வேறு. தகப்பன் பெயரையும் சேர்த்துப் பொருத்துங்கள். வணிகர்களாகத் தங்கள் செலவில் வந்த குடும்பங்கள் இந்தப் பட்டியலில் இருக்கமாட்டார்கள்.

‘வட ஆற்காடு’ என்று வரைபடத்தில் தேடினால் இன்று கிடைக்காது. 1911-இல் சித்தூர் பக்கத்துத் தாலுகாக்கள் பிரிந்து தனி மாவட்டமாயின. சித்தூர் இப்போது ஆந்திராவில். அதிலிருந்த திருத்தணி 1960-இல் தமிழ்நாட்டுக்குத் திரும்பியது. 1989-இல் திருவண்ணாமலை பிரிந்தது. மிஞ்சியது வேலூர் ஆகி, 2019-இல் அதிலிருந்தும் ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பிரிந்தன. ஆகவே மாவட்டத்தை நம்பாமல் தாலுகாப் பெயரைப் பிடியுங்கள். புதூர், மேட்டுப்பாளையம் மாதிரிப் பெயரில் ஊர்கள் ஏராளம்; தாலுகா தெரியாமல் போனால் தவறான புதூரில் இறங்கித் தேநீர் குடித்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். ஊர் உறுதியானதும் முதலில் கிராம நிர்வாக அலுவலரையும் கோயில் பூசாரியையும் பாருங்கள்.

செலவுக்கு ஒரு வழி: இந்திய அரசின் ‘நோ இந்தியா’ (Know India, இந்தியாவை அறிவோம்) திட்டம். வெளிநாடு வாழ் இந்திய வம்சாவளி இளைஞர்களை மூன்று வாரம் அழைத்துச் செல்வது, வயது 21 முதல் 35. விமானக் கட்டணத்தில் 90 சதவீதத்தைத் திருப்பித் தருவார்கள், உள்நாட்டுத் தங்குதலும் பயணமும் அவர்கள் பொறுப்பு. சீட்டை முதலில் நீங்கள் வாங்க வேண்டும், பணம் பிறகுதான் வரும் என்பதால் கைமாற்றுக்கு ஏற்பாடு வேண்டும். இதுவரை இந்தியா பார்க்காதவர்களுக்கு முன்னுரிமை. விண்ணப்பம் டர்பன் இந்தியத் துணைத் தூதரகம் வழியாக. குழுவோடுதான் சுற்ற வேண்டும், நடுவில் பிரிந்து ஊர் தேட முடியாது. சீட்டு எடுக்கும் முன்பே, திட்டம் முடிந்தபின் சில நாள் தங்க முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

தனியாகப் போனால் இணைய விசா போதும். தென்னாப்பிரிக்கர்களுக்கு அதற்குக் கட்டணம் இல்லை. தேடலில் முதலில் வரும் தளங்கள் பல இடைத்தரகர்களுடையவை, கட்டணம் கேட்பார்கள். முகவரி ‘கவ் டாட் இன்’ என்று முடிகிறதா என்று பாருங்கள். குறைந்தது நான்கு நாள் முன்னதாக விண்ணப்பிக்க வேண்டும், பாஸ்போர்ட்டில் ஆறு மாதமும் இரண்டு வெற்றுப் பக்கமும் மிச்சமிருக்க வேண்டும்.

மலிவான சீட்டு அடிஸ் அபாபா வழியாகவோ நைரோபி வழியாகவோ கிடைத்தால் மஞ்சள் காய்ச்சலை மறக்காதீர்கள். அந்த நாடுகளிலிருந்து ஆறு நாளுக்குள் வருகிறவர்களிடம் இந்தியா தடுப்பூசிச் சான்று கேட்கும். விமான நிலையத்தை விட்டு வெளியே வராமல் மாறியவர்களுக்கு விலக்கு உண்டு, ஆனால் அது சுகாதார அதிகாரி ஏற்றுக்கொண்டால்தான். திரும்பும்போது அங்கே 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தால் தென்னாப்பிரிக்காவும் கேட்கும். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்று செல்லும், அதன்பின் ஆயுளுக்கும் செல்லும். காத்திருப்பு குறைவான சீட்டுக்கும் ஊசிக்கும் ஆகும் செலவை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். பின்னால் ஆப்பிரிக்க நாடுகளிலும் சுற்றும் எண்ணம் இருந்தால் ஊசியே போட்டுக்கொள்ளலாம்.